மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில்

கார்த்திகை, வெள்ளிக்கிழமை

மகள் சுகன்யா ஒரு கதைப்புத்தகம் வாசிக்கிறாள். பழைய லண்டனில் ஒரு ஓவியன் நாடக நடிகைகளைக் குறி சொல்லும் டாரட் சீட்டுகளில் வரைவானாம். வரையப்பட்டவளின் உயிர் சீட்டுக்குள் போய்விடுமாம்.

இன்று தன் முகத்தையே அப்படியொரு சீட்டில் வரைந்து, செத்துப்போன தகப்பனின் மாலை போட்ட படத்தோடு சாய்த்து வைத்திருந்தாள்.

"செத்தவையின்ர படத்தோட இருக்கிறவையின்ர படம் வைக்கக்கூடாது, பிள்ளை."

"அப்பா தனிய நிண்டு அலுத்துப்போவார் அம்மா. நான் துணைக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அவள் குளிக்கப் போனதும் சீட்டை எடுத்தேன். கிழிக்க ஏலவில்லை, அவளின் முகமல்லவா. என் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

அவள் படுத்த பிறகு, மூச்சு விடுகிறாளா என்று இரண்டு தரம் கதவைத் திறந்து பார்த்தேன்.

"என்னம்மா?"

"ஒண்டுமில்லை, படு."

இன்னொரு தரம் போனால் ஏசுவாள். ஏசினால் நல்லது, சத்தம் கேட்கும்.