தபால்காரி கவரைப் பிரிப்பதில்லை

மார்ச் 3, செவ்வாய்

துணி அலமாரிக்குக் கீழே இருக்கும் சர்வர் காலையிலிருந்து இரைந்துகொண்டே இருந்தது. விசிறியில் தூசி, துடைத்தேன். வீட்டில் நான்கு பேருக்கும் மின்னஞ்சல் இதன் வழியாகத்தான். பிள்ளைகளின் கடிதங்களை எந்தக் கம்பெனியும் மோப்பம் பிடிக்கக் கூடாது என்று நானே கட்டிய தபால் நிலையம். சின்னவனுக்குத் தெரியாத முகவரியிலிருந்து எது வந்தாலும் முதலில் என்னிடம் நிற்கும். பெரியவளுக்குப் பதினான்கு முடிந்ததும் அந்தக் காவலை எடுத்துவிட்டேன். "தபால்காரி கவரைப் பிரிக்க மாட்டா" என்று வாக்குக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவளுக்கு நான் போஸ்ட்மாஸ்டரம்மா.

மாலையில், போகாமல் நிற்கும் அஞ்சல்களைப் பார்த்தேன். ஒன்றே ஒன்று. அனுப்பியவள் பெரியவள். பெறுநர்: இளையோர் மனநல ஆலோசனை மையம்.

அந்தப் பெயரை மூன்று முறை படித்தேன்.

மார்ச் 4, புதன்

எங்கள் சர்வர் சின்னது, ஊர் பேர் தெரியாதது. அந்த மையத்தின் சர்வர் அதை நம்பாமல் வாசலிலேயே நிறுத்துகிறது. அங்கே கணினி பார்ப்பவருக்கு என் அலுவலக முகவரியிலிருந்து எழுதினேன். பதில் இல்லை. ஞாயிறு வரை முயன்றும் முடியாவிட்டால் கடிதம் அவளிடமே திரும்பிவிடும். அதுவரை போய்ச் சேர்ந்துவிட்டது என்றே நினைத்திருப்பாள். தன்னை யாரும் கண்டுகொள்ளவில்லை என்றும்.

இவரிடம் சொல்லியிருக்கவே கூடாது.

"திறந்து பாரு. பொண்ணுக்கு என்னன்னு தெரிய வேணாமா? நீ அம்மாவா, போஸ்ட்மாஸ்டரா?"

"ரெண்டும்தான்."

"அப்ப மொதல்ல அம்மாவா இரு."

திறப்பது ஒரு நொடி வேலை. திறந்தால் வாக்கு போச்சு. திறக்காமல் இருந்து அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? 'இருதலைக் கொள்ளி எறும்பு' என்று பள்ளியில் வாக்கியம் அமைத்திருக்கிறேன். அப்போது மதிப்பெண் கிடைத்தது.

மார்ச் 5, வியாழன்

தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தவள், போகிற போக்கில் கேட்டாள்: "அம்மா, மெயிலெல்லாம் ஒழுங்காப் போகுதா?"

"ஏன்?"

"சும்மாதான்."

"பாக்கறேன்" என்றேன். பாக்கறேனாம்! மூணு நாளா அதையேதானடி பாத்துக்கிட்டிருக்கேன். வாய் வரைக்கும் வந்தது, முழுங்கிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

அந்தக் கடிதத்தின் மேல் சுட்டியைக் கொண்டுபோய் வைத்தேன். எடுத்துவிட்டேன். மறுபடி வைத்தேன். இவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கணினியை அணைத்துவிட்டேன்.

மார்ச் 7, சனி

சொல்லிவிட்டேன். அவளும் நானுமாகப் போர்வை மடிக்கும்போது.

"உன் மெயில் ஒண்ணு போகாம நிக்குது. யாருக்குன்னு பாத்தேன். உள்ள பாக்கல."

பிடித்திருந்த முனையை அப்படியே விட்டாள். "யாருக்குன்னு தெரிஞ்சா போதாதாம்மா? மிச்சம் என்ன இருக்கு?"

கவரைப் பிரிக்கவில்லை என்று நான் பீற்றிக்கொண்டதெல்லாம் அந்த ஒரு கேள்வியோடு சரி.

"அப்பாவுக்கும் தெரியுமா?"

தலையாட்டினேன்.

"வெளிக் கம்பெனி எதுலயாவது ஒரு முகவரி வச்சுக்கோ. என் சர்வர் வேணாம். இன்னிக்கே அதுலேருந்து அனுப்பு. அவங்க பதில் போடாம இல்ல, உன் மெயில்தான் போய்ச் சேரல."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 8, ஞாயிறு

நின்ற கடிதம் அவளிடமே திரும்பிவிட்டது.

மார்ச் 11, புதன்

அவள் பெட்டியில் போக்குவரத்தே இல்லை. "இப்ப அதுவும் போச்சா?" என்கிறார் இவர். போச்சு. முன்பு முகவரியாவது தெரிந்தது. அனுப்பினாளா? பதில் வந்ததா? தம்பியிடம் மட்டும்தான் பேசுகிறாள். நான் அவள் சாப்பாட்டுத் தட்டை வேவு பார்க்கிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

குப்பை அஞ்சல்களைக் கழிக்கும்போது எனக்கு வந்த ஒன்று அதில் கிடந்தது. புது முகவரி. அறிமுகமில்லாதது என்று என் சர்வரே வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமையே வந்திருக்கிறது. ஐயோ, இத்தனை நாளாக என் பதிலுக்குக் காத்திருந்திருக்கிறாள்!

"போஸ்ட்மாஸ்டரம்மா, இருபத்தொண்ணாம் தேதி அவங்கள நேர்ல பாக்கப் போறேன். கூட வரியா? உள்ள வர வேணாம். வெளியில உக்காந்திரு."

பதில் எழுதவில்லை. எழுந்து போய் அவள் கதவைத் தட்டினேன். அவள் திறக்கும்வரை வெளியிலேயே நின்றேன்.