நீல விளக்கும் நான்காம் விரலும்

1953 ஏப்ரல் 1, புதன்
கட்டிலை மேற்குச் சுவரிலிருந்து நகர்த்தி சன்னலோரம் போட்டாயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் ப்ளூ லான்டர்ன் நைட் கிளப். பதினொரு வருடமாக எங்கள் வீட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது. இடம் மாற்றியும் பயனில்லை. அதன் நீல விளக்கு இப்போது நேரே என் கூரையில் விழுந்து, ஏரித் தண்ணீர்போல அசைகிறது.

காலையில் அதன் முதலாளி லூஷியஸ் பெட்வே வந்தார், தொப்பியைக் கையில் பிடித்தபடி. தெருவில் பாதிக்கு மேற்பட்ட வீட்டுக்காரர்கள் சம்மதித்துக் கையெழுத்திட்டால்தான் மது உரிமத்தைப் புதுப்பிப்பார்கள். இம்முறை ஒன்று குறைகிறது.

"முப்பதாம் தேதிதாம்மா கடைசி. நீங்க போடலன்னா கதவ இழுத்துச் சாத்த வேண்டியதுதான்."

"சாத்துங்க" என்றேன். என் கணவர் அல்சீட் உயிரோடு இருந்திருந்தால் அவரிடமிருந்து அந்த ஒரு சொல்லும் கிடைத்திருக்காது.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி
பக்கத்தில் விளக்கு இல்லை. பாட்டு இல்லை. எனக்குத் தூக்கமும் இல்லை.

ஏப்ரல் 8
மதியம் வெள்ளிக் கரண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அப்பால் யாரோ பியானோவில் விரல் பழகினார்கள். இரண்டு கைகளும் நடுவில் தொடங்கி, எதிரெதிரே விலகி, முனையில் ஒரு மூச்சு நின்று, திரும்பி வந்து சேர்ந்தன. அந்த ஒரு மூச்சு! நியூ ஆர்லியன்ஸ் கன்னிமாடத்தில் எங்களுக்குப் பியானோ கற்பித்த சிஸ்டர் பெர்பெத்துவா மட்டுமே அப்படி நிறுத்தச் சொல்வார். "தேவதூதர் கடந்து போகட்டும்" என்பார். வாசிக்கும்போது எங்கள் புறங்கையில் ஒரு செப்புக்காசு வைப்பார். விழுந்தால் முதலிலிருந்து.

துடைத்த கரண்டியையே துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். மதுக்கடையில் யார் அது?

ஏப்ரல் 14
போனேன். புகார் சொல்லத்தான் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு, பகல் மூன்று மணிக்கு. பெண்களுக்குச் சந்துப் பக்கம் தனி வாசல் வைத்திருக்கிறார்கள். நான் முன்வாசலைத் தட்டினேன்.

நாற்காலிகள் மேசைகள்மேல் கவிழ்ந்து கிடந்தன. வெயில் பட்ட புட்டிகள் தேவாலயத்துச் சன்னல்போல — அப்படி எழுதக் கூடாது. ஆனால் அப்படித்தான் இருந்தன.

பியானோ முன்னால் நாற்பது வயதுப் பெண், தலை நிறையச் சுருள் ஊசிகள். வெர்லீன் பாதிஸ்ட். இங்கே வாசித்துப் பாடுகிறவள்.

"யார்கிட்ட கத்துக்கிட்ட?"

"சிஸ்டர் பெர்பெத்துவா, மேடம். விரல் முட்டியில அளவுகோல் தழும்புகூட இருக்கு. பாக்கறீங்களா?"

"எனக்கும் இருக்கு. காட்ட மாட்டேன்."

சிரித்தாள். "என்னை இங்க பாத்தா சிஸ்டர் மயங்கி விழுந்துடுவாங்க."

"விழ மாட்டாங்க. நாலாம் விரல் சரியா அழுத்தாமத் தூங்குதேன்னுதான் கேப்பாங்க."

பெட்வே மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கடிதக்கட்டு எடுத்தார். அல்சீட் சொல்லச் சொல்ல நான் எழுதிய புகார்க் கடிதங்கள், வருடத்துக்கு ஒன்று. "இவ்ளோ அழகான எழுத்துல என்னை யாருமே திட்டினதில்லம்மா. தூக்கிப் போட மனசு வரல."

கடை மூடினால் வெர்லீன் டெட்ராய்டுக்குப் போய்விடுவாளாம். கையெழுத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கேட்டிருந்தால் எளிதாக மறுத்திருப்பேன்.

ஏப்ரல் 17
நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும், அல்சீட். "அந்தக் கருமத்துக்கு நம்ம பேரு போகக் கூடாது, ஓடில்." ஒவ்வொரு வருஷமும் அதேதான். நானும் எழுதினேன். உனக்குத் தொந்தரவா இருக்கான்னு என்னை ஒரு தடவை கேட்டீங்களா? கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்? நீங்கள் குறட்டை விட, நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்றா? போர்வைமேல் என் பத்து விரல்களும் —

ஏப்ரல் 29
மழை.
கையெழுத்திட்டேன். "திருமதி அல்சீட்" என்று தொடங்கி, நிறுத்தி, வேறு தாள் கேட்டேன். ஓடில் ரோஷோன். வீடு இப்போது என் பேரில்.

பெட்வே தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். "இதையும் எடுத்து வச்சுக்கணும்போல இருக்கு."

"கொண்டுபோய்க் குடுங்க, மிஸ்டர் பெட்வே. நாளைக்குக் கடைசி நாள்."

மே 2
கட்டில் மறுபடி மேற்குச் சுவரோரம்.
வெர்லீனின் நான்காம் விரல் இன்னும் தூங்குகிறது. வியாழக்கிழமை அவளிடம் போகும்போது சொல்ல வேண்டும். செப்புக்காசு ஒன்று கைப்பையில் போட்டு வைத்திருக்கிறேன்.