எங்கள் வட்டாரத்துக்குப் பச்சை

2025 ஜனவரி 19
பத்தாம் வகுப்பை இரண்டு தடவை முட்டிப் பார்த்தவன் இன்று விஞ்ஞானி ஆனேன். என் பஞ்சர் கடைக்குப் பின்னால், வீட்டை ஒட்டி நிற்கும் சீமைக் கருவேல மரம் இனி என் பொறுப்பு. மொட்டா, பூவா என்று வாராவாரம் செல்போனில் பதிய வேண்டும். பூ என்றால் விராலிமலை வட்டாரத்துக்கே சிவப்பு எச்சரிக்கை, இல்லையென்றால் பச்சை. சிவப்பு நாளில் மகரந்தம் பறக்கும், இழுப்பு உள்ளவர்கள் வெளியே ஓடக் கூடாதாம். சரண்யாவுக்காகத்தான் சேர்ந்தேன். இழுப்பை வைத்துக்கொண்டு எண்ணூறு மீட்டர் ஓடுகிற மகள். இங்கே தன்னார்வலர் நான் ஒருத்தன்தான் என்றார் இந்தத் திட்டத்தை நடத்தும் திருச்சிக் கல்லூரி அர்ச்சனா மேடம். வீட்டுக்காரி சுகுணா சிரித்தாள்: "டயரப் பாத்த கண்ணு, இனி பூவப் பாக்கப் போகுதாக்கும்."

பிப்ரவரி 2
மொட்டு.

பிப்ரவரி 8
மஞ்சள் மஞ்சளாகப் பூச்சரம், நேராகப் பிள்ளையின் ஜன்னலுக்கு எதிரே. விடுவேனா? அரிவாளை எடுத்து மரத்தை மொட்டை அடித்தேன். முள் குத்திக் கை பன்னாக வீங்கிவிட்டது. தகப்பன் என்றால் சும்மாவா.

பிப்ரவரி 9
மரத்தில் பூ இல்லை. இல்லை என்றே பதிந்தேன். பொய்யா? உடனே பச்சை வந்தது. மாவட்டத் தேர்வுப் போட்டிக்குப் போகட்டுமா என்று சரண்யா குதித்தாள். நானே வண்டியில் கொண்டுபோய் விட்டேன்.

பிப்ரவரி 10
ஆஸ்பத்திரி. மைதானத்தைச் சுத்தி அத்தனையும் கருவேலம், அத்தனையும் பூ. ரெண்டாவது சுத்துல விழுந்துட்டா. ஒதடெல்லாம் நீலம். ஒத்த மரத்த வெட்டிட்டு, ஊரே பூக்கலன்னு சொல்லியிருக்கேன் — எம் புள்ளகிட்டயே. நானெல்லாம் விஞ்ஞானி.

பிப்ரவரி 14
வீடு வந்தோம். மேடத்துக்குப் போன் போட்டு எல்லாம் சொன்னேன். "வெட்டிட்டேன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாமேங்க" என்றார், அவ்வளவுதான். வேறு மரம் கொடுத்தார், கண்மாய்க்கரையில். போனை வைத்துத் திரும்பினால் சரண்யா கட்டிலில் விழித்துக் கிடக்கிறாள். எவ்வளவு கேட்டாளோ.

மார்ச் 16
இப்போதெல்லாம் நான் ஜோக் அடித்தால் சரண்யா அவள் அம்மாவைப் பார்க்கிறாள்.

ஏப்ரல் 6
கண்மாய்க்கரை மரத்தில் நல்ல பூ. பதிந்தேன், சிவப்பு. இன்று பள்ளியில் ஓட்டம். ஷூ மாட்டி வாசலில் நின்றவள் கேட்டாள்: "இது நெசமான செவப்பா, நான் போகக் கூடாதுன்னு நீங்க போட்ட செவப்பா, அப்பா?"

போனை எடுத்து அவளிடம் நீட்டினேன்; வாங்கவில்லை.

"அம்மா, நீ போய்ப் பாத்துட்டு வாயேன்" என்றாள்.

சுகுணா போனாள். திரும்பி வந்தவள் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

சரண்யா குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தாள்.