ஈயம் போன சருவம்

அஞ்சுகிராமம்
9-9-2024

அன்புள்ள மகன் சிவபிரசாத்துக்கு அப்பா எழுதுவது.

இங்கே மூவரும் இருக்கிறோம். மஸ்கட்டில் வெயில் தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன். போனில் நீ பேசினால் என் காது மெஷினுக்குள் இரைச்சல்தான் வருகிறது. அதனால் வழக்கம்போல எழுதிவிட்டேன். சபிதா பள்ளிக்கூட வேலை முடிந்து வந்ததும் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பித் தருவாள்.

பாத்திரம் கழுவும் மெஷினைப் பற்றி நீ கேட்டிருந்தாய். போன வாரம் மெஷின் கடையிலிருந்து சிஜின் வந்து தண்ணீர்க் குழாய் இழுத்துப் பொருத்திவிட்டான். முதல் நாளே உன் அம்மா யாரிடமும் கேட்காமல் இட்லிக் கொப்பரையை உள்ளே வைத்துவிட்டாள். அது அலுமினியம். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறந்தால் கரிக்கட்டை மாதிரி நிற்கிறது. தொட்டால் விரலில் கறுப்பு ஒட்டுகிறது. "ஏட்டி சபிதா, இது பாத்திரம் கழுவுதா, பாத்திரத்துக்கு மை பூசுதா?" என்று கேட்டாள். சபிதா சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு சபிதா சிஜினிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு தாளில் எழுதி மெஷின் கதவில் ஒட்டியிருக்கிறாள். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் போடலாம். அலுமினியம், பித்தளை, செம்பு, இரும்பு தோசைக்கல், மண்சட்டி, மர அகப்பை, ஒட்டாத பூச்சுள்ள சட்டி, இவை கூடாது. குக்கர் இந்தாலியம் என்பதால் அதுவும் கூடாது. ஆக, நம் வீட்டில் பாதிப் பாத்திரம் இன்னும் கையால்தான் கழுவ வேண்டியிருக்கிறது. இருந்தாலும் உன் அம்மா குனிந்து நிற்கும் நேரம் குறைந்திருக்கிறது. அதற்காகத்தானே நீ வாங்கித் தந்தாய்.

அவளுக்குப் போன மாதம் எடுத்த ரத்தத்தில் கிரியேட்டினின் 4.1. வாயையும் வயிற்றையும் கட்டினால் டயாலிசிஸை ஒரு வருடமாவது தள்ளிப்போடலாம் என்று டாக்டர் சொன்னார். கட்டுகிறவளா அவள். மாதம் ஒரு தடவை புளி தூக்கலாக உள்ளித் தீயல் வேண்டும். அதுவும் அந்தப் பித்தளைச் சருவத்தில் வைத்து, ராத்திரி அப்படியே மூடிப்போட்டு, மறுநாள் காலையில் பழஞ்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வேண்டும். ஆறின தீயலுக்குத்தான் ருசி என்பாள். கண் சரியாகத் தெரியாவிட்டாலும் அந்தச் சருவம் அவள் கைக்குத் தெரியும்.

சபிதாவின் விசா தை மாதத்துக்குள் வந்துவிடும் என்று எழுதியிருந்தாய். நல்லது. கல்யாணம் ஆகி இரண்டு வருடத்தில் நீங்கள் சேர்ந்திருந்தது நாற்பது நாள். அவள் போனபின் இங்கே எப்படி என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். மத்தியானத்தில் அந்த மெஷினை ஓட்டுவது இப்போது நான்தான். எனக்கும் அதில் ஒரு பிடிப்பு வந்துவிட்டது.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அன்புடன்
அப்பா, தாணுலிங்கம்


அஞ்சுகிராமம்
14-11-2024

அன்புள்ள சிவபிரசாத்துக்கு,

நீ ஆறாம் நாளே விமானம் ஏற வேண்டியதாகிவிட்டது. லீவு அவ்வளவுதான் என்றால் என்ன செய்ய முடியும். அம்மாவுக்குக் கொள்ளி வைக்க வந்து சேர்ந்தாயே, அதுவே பெரிது. பதினாறாம் நாள் காரியங்கள் திங்கட்கிழமை குறைவில்லாமல் நடந்தன. பந்தியில் நூற்றிருபது பேர் சாப்பிட்டார்கள். உனக்குப் பதிலாக உன் அத்தான் நின்று செய்தான்.

இந்தக் கடிதத்தை உன் அக்காதான் படம் பிடித்து அனுப்புகிறாள். அவள் இன்று சாயங்காலம் நாகர்கோவிலுக்குத் திரும்புகிறாள்.

சபிதாவை நேற்றுத் திருவட்டாறில் அவள் வீட்டில் கொண்டுவிட்டேன். அப்படித்தான் நீ சொன்னதாக உன் அக்கா சொன்னாள். விசா காகிதத்தை நிறுத்தி வைத்திருக்கிறாய் என்றும் சொன்னாள். சபிதா ஒரு பெட்டியும் ஒரு துணிப்பையும் எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் அப்பா எனக்குக் காப்பி கொடுத்தார். நான் குடித்துவிட்டு வந்தேன்.

சருவத்தை உன் அக்கா கோட்டாற்றில் ஈயம் பூசுகிறவரிடம் காட்டினாள். அடியில் ஈயம் என்று பேருக்குக்கூட இல்லை, சோப்புக் காரம் தின்றிருக்கிறது, இதில் புளி வைத்தால் களிம்பு இறங்காமல் என்ன செய்யும் என்று அவர் கேட்டாராம். அதைச் சாக்கில் சுற்றிப் பின்னறையில் போட்டிருக்கிறோம். மெஷினை ஓட்டுவதில்லை.

களிம்பு விஷம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததை நீயும் பார்த்தாய். சாதாரண ஆளாக இருந்தால் இரண்டு நாள் வாந்தியோடு போயிருக்கும், இவர்களுடைய சிறுநீரகம் தாங்கவில்லை என்றார். சருவம்தான் காரணமா என்று கேட்டதற்கு, இருக்கலாம் என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.

சபிதா கெட்ட பெண் அல்ல. கவனக்குறைவு யாருக்கும் வரும். நடந்ததை யார் செய்தார் என்று இனி ஆராய்ந்து என்ன பயன். நீ மனதைத் தேற்றிக்கொண்டு வேலையைப் பார்.

நான் இருக்கிறேன். காலையில் எதிர்வீட்டு முருகதாஸ் கடையிலிருந்து தோசை கொண்டுவந்து தருகிறான்.

அப்பா


திருவட்டாறு
2-12-2024

சிவபிரசாத்,

இன்று காலை ஏழேகால் பஸ்ஸில் ஏறி, நாகர்கோவிலில் மாறி, பத்தரைக்கு இங்கே வந்தேன். உன் மாமனார் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுதி முடித்ததும் சபிதாவிடம் கொடுப்பேன். அவள் படித்துவிட்டுத்தான் உனக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

சருவத்தை மெஷினில் போட்டது நான்.

ஒரு தடவை அல்ல. செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி முதல் பதினொரு தடவை. மெஷின் வந்தபின் உன் அம்மா முதல் தடவை வைத்த தீயல் அடிப்பிடித்துவிட்டது. மத்தியானம் அவள் படுத்திருந்தாள், சபிதா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். நான் கரண்டியால் சுரண்டிவிட்டு மெஷினில் வைத்தேன். சுத்தமாக வந்தது. உன் அம்மா மறுநாள் காலை தடவிப் பார்த்துவிட்டு, சபிதாதான் தேய்த்தாள் என்று நினைத்து, "அடிக்கரிய எப்பிடி எடுத்தா பாத்தியளா, எம் மருமவ கை அப்பிடி" என்று முருகதாஸ் அம்மாவிடம் சொன்னாள். அவள் சந்தோஷப்படுகிறாளே என்று நான் பேசாமல் இருந்தேன். அதற்குப் பிறகு புளியோ சாம்பாரோ, அந்தச் சருவத்தில் எது வைத்தாலும் நான் மெஷினில் போட்டு எடுத்துத் துடைத்து அதன் இடத்தில் வைத்துவிடுவேன்.

கதவில் ஒட்டிய தாளை நான் படிக்காமல் இல்லை. உனக்கே எழுதினேன். பித்தளை நிறம் மங்கும் என்பதற்காகத்தான் வேண்டாம் என்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். மங்கினால் மங்கட்டும், அவளுக்குக் கண்ணா தெரிகிறது என்று நினைத்தேன்.

ஆறேழு தடவைக்குப் பிறகு சருவத்தின் உள்ளே வெள்ளை போய் அங்கங்கே மஞ்சள் தெரிந்தது. பழைய அழுக்கு உரிந்து வருகிறது என்று நினைத்தேன். இதை நீ நம்பாமல் போகலாம். எனக்கு அறுபத்தெட்டு வயது. அந்தச் சருவத்தில் வைத்ததை நாற்பத்தோரு வருடம் சாப்பிட்டிருக்கிறேன். அது காலியாக இருக்கும்போது உள்ளே எப்படி இருக்கும் என்று அதுவரை ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. ஈயம் பூசுவார்கள் என்று தெரியும். பூசிய ஈயம் எந்த நிறம் என்று தெரியாது.

அக்டோபர் பதினேழு, வியாழக்கிழமை, உன் அம்மா தீயல் வைத்தாள். வெள்ளிக்கிழமை காலை சபிதா பள்ளிக்கூடம் போனபின் பழஞ்சோற்றோடு சாப்பிட்டாள். எனக்கு வயிற்றுப் புண் என்பதால் நான் தொடவில்லை. பத்து மணிக்கு முதல் வாந்தி. பச்சையாக இருந்தது. பித்தம் என்று நினைத்து எலுமிச்சம்பழச் சாற்றில் உப்புப் போட்டுக் கொடுத்தேன். அதையும் எடுத்துவிட்டாள். சபிதாவுக்குப் போன் செய்தால் நான் பேசுவது அவளுக்குக் கேட்கும், அவள் பேசுவது எனக்குக் கேட்காது என்று செய்யாமல் இருந்தேன். நான்கு மணிக்கு அவள் வந்து பார்த்துவிட்டு முருகதாஸிடம் கார் கேட்டு, தூக்கி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஆறு மணி நேரம் போய்விட்டது. ஒன்பது நாளும் சபிதாதான் கூடவே இருந்தாள்.

பதினாறாம் நாள் நடந்ததை உன் அக்கா உனக்குச் சொல்லியிருப்பாள். அவள் சொன்னதில் விட்டதை நான் சொல்கிறேன்.

பந்தி முடிந்து பெண்கள் வெற்றிலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அந்தச் சருவத்தைக் கொண்டுவந்து நடுவீட்டில் வைத்து, இதை யார் மெஷினில் போட்டது என்று சபிதாவைக் கேட்டாள். "நான் போடல்ல மயினி" என்று சபிதா சொன்னாள்.

"பின்ன யாரு? கண்ணு தெரியாத எங்கம்மயா? இல்ல, அப்பாவா? குடிச்ச தம்ளரக் கழுவி வைக்காத மனுசன் சருவம் கழுவுனாராக்கும்?"

இரண்டு பேர் சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரித்துவிட்டோம் என்று உடனே வாயை மூடிக்கொண்டார்கள். சபிதா என்னைப் பார்த்தாள். வேறு யாரையும் பார்க்கவில்லை. நான் தூணோரம் நாற்காலியில் இருந்தேன். காதில் மெஷின் இருந்தது. அக்கா கேட்டதும் சபிதா சொன்னதும் அவர்கள் சிரித்ததும் எனக்குக் கேட்டன. நான் மெஷினைக் கழற்றி, துண்டால் துடைத்து, சட்டைப்பையில் போட்டேன். அவருக்கு ஒன்றும் கேட்காது, விடுங்கள் என்று யாரோ கையைக் காட்டினார்கள். சபிதா தலை குனிந்துகொண்டாள். ஊரில் எல்லோருக்கும் அதுவே பதிலாகிவிட்டது.

உன்னிடம் போனில், மாமாவைக் கேளுங்கள் என்று அவள் சொன்னாளாம். எங்க அப்பா மேலயா பழி போடுத என்று கேட்டு நீ வைத்துவிட்டாயாம். இதை இன்று அவள் அப்பா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் கோபமாகச் சொல்லவில்லை. உங்களிடம் கேட்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை என்றுதான் சொன்னார்.

போன கடிதத்தில் கவனக்குறைவு யாருக்கும் வரும் என்று எழுதினேன். யாருடையது என்று நீ எடுத்துக்கொள்வாய் என்று தெரிந்தேதான் எழுதினேன்.

உன் அக்காவிடம் நாளை நேரில் போய்ச் சொல்வேன். பதினாறுக்கு வந்தவர்களிடமும் சொல்வேன். நூற்றிருபது பேர் வீட்டுக்கும் போக முடியாது. முடிந்தவரை போவேன்.

இப்படிக்கு
உன் அப்பா தாணுலிங்கம்

பின்குறிப்பு:

சபிதா படித்துவிட்டாள். இரண்டு தடவை படித்தாள். படம் பிடிக்கவில்லை. தாளைத் திருப்பி என் கையில் தந்து, "மாமா, நான் கேட்டப்ப இல்லைன்னு சொன்னியளே, அத எழுதல்லியே" என்றாள். அடுக்களைக்குப் போய்விட்டாள்.

எழுதுகிறேன். அக்டோபர் பதின்மூன்று, ஞாயிற்றுக்கிழமை, சபிதா சருவத்தை எடுத்துப் பார்த்தாள். என்னிடம் வந்து, "சருவத்த மெஷின்ல போட்டியளா மாமா?" என்று கேட்டாள். நான் அதைத் தொடவே இல்லை என்றேன். மருமகள் ஒட்டிய தாளை மீறினேன் என்று அவளிடமே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் சருவத்தைத் திருப்பிக் காட்டினாள். உள்ளே ஈயம் போயிருக்கிறது, இதில் ஒன்றும் வைக்கக் கூடாது, அடுத்த ஞாயிறு கோட்டாற்றுக்குக் கொண்டுபோய்ப் பூசி வருகிறேன், அத்தையிடமும் சொல்லிவிடுங்கள் என்றாள். ஸ்டூல் போட்டு ஏறி, பரணில் கவிழ்த்து வைத்தாள்.

அத்தையிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் ஏன், எப்படி என்று கேட்பாள். வியாழக்கிழமை சபிதா பள்ளிக்கூடம் போனபின், சருவம் எங்கே என்று உன் அம்மா கேட்டாள். பரணில் இருக்கிறது என்றேன். எடுத்துத் தாருங்கள், தீயல் வைக்க வேண்டும் என்றாள். அந்த ஸ்டூலில் ஏறி நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

சாயங்காலம் சபிதா வந்தபோது சருவம் மூடியோடு அடுப்பு மேடையின் மூலையில் இருந்தது. மேலே துணி போட்டு மூடியிருந்தது. அந்தத் துணியைப் போட்டதும் நான்.

இதுதான் முழுவதும். இனி விட்டது ஒன்றுமில்லை.

மக்கா, என்னை நீ என்ன செய்தாலும் சரி. என்னோடு பேசாமல் இருந்தாலும் சரி. அவளைக் கூப்பிட்டுப் பேசு. இந்தத் தாளை இப்போது அவளிடம் கொடுக்கப் போகிறேன். உள்ளே வரச் சொன்னார்கள், நான் வராந்தாவிலேயே இருக்கிறேன். காது மெஷினைப் போட்டிருக்கிறேன், பேட்டரி புதிது. உன்னோடு அவள் பேசுகிற குரல் கேட்டபின்தான் ஊருக்குப் பஸ் ஏறுவேன்.