புக்கிட் புத்தூஸ் ஏற்றம்

கோலா பிலா

அன்புள்ள அத்தான்,

நானும் அத்தையும் சுகம். கடல் தாண்டிப் பிந்துலுவில் உங்கள் உடம்பு நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் பேசினால் சாப்பாடு, மருந்து என்றே நேரம் போய்விடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

அத்தையைச் சிரம்பான் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஆனால் போகும்போது புக்கிட் புத்தூஸ் ஏற்றத்தில் கார் எஞ்சின் டங் டங்கென்று இடித்தது. ஓரம் கட்டி உங்களுக்குப் போன் அடித்தேன், கிடைக்கவில்லை. வேலை இடத்தில் போன் கூடாதென்று தெரிந்தும் அடித்தேன். அத்தை, மகன் நீங்கள் அங்கே உட்கார்ந்திருப்பது போலப் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்து, சசி, இறங்கி என்னான்னு பாருடா என்றார்கள்.

மெதுவாகச் சிரம்பான் லோபாக் போய் நுஃமானின் கார் பட்டறையில் காட்டினேன். போன தடவை நம் எஸ்டேட் முச்சந்தியில் சன்னாசி அண்ணன்தான் எஞ்சின் எண்ணெய் மாற்றினார். இந்த வெயிலுக்குக் கெட்டி எண்ணெய்தான் தாங்கும் என்று ஊற்றினார். நுஃமான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. இது டர்போ வண்டி, பெட்ரோலை நேராக உள்ளேயே பீய்ச்சுகிறது, எண்ணெய்த் துளி அங்கே போனால் நேரத்துக்கு முன்பே பற்றி இடிக்கும், கெட்டியை மட்டும் பார்க்கக்கூடாது, டின்னில் எஸ்.பி. என்ற தரக்குறி போட்டிருக்கிறதா பாருங்கள் அக்கா என்றார்.

யார் பேச்சைக் கேட்பது? இதெல்லாம் நீங்கள் பார்த்துக்கொண்டதுதானே. கார் புத்தகத்தை எடுத்து அங்கேயே உட்கார்ந்து படித்தேன். கெட்டி அளவு ஐந்து டபிள்யூ முப்பது, தரம் எஸ்.பி. என்றிருந்தது. அதையே ஊற்றச் சொன்னேன். டின்னை வாங்கி எழுத்தைச் சரிபார்த்தேன், சிரிக்காதீர்கள். மேட்டில் கியரைக் குறைக்காமல் எண்ணெய் மிதியை அழுத்தக்கூடாது என்றும் நுஃமான் சொல்லிக் கொடுத்தார். திரும்பும்போது ஏற்றத்தில் ஒரு சத்தமும் இல்லை.

பழைய எண்ணெயில் பெட்ரோல் வாடை அடித்ததாம். அத்தைக்கு இரத்தம் சுத்தம் செய்யப் பக்கத்திலேயே போய் வருவதால் எஞ்சின் சரியாகச் சூடாவதில்லையாம். வாரம் ஒருமுறை தூரமாக ஓட்டச் சொன்னார்.

போன ஞாயிறு அத்தையோடு நீலாய் வரை போனேன். விமான நிலையத்துக்குப் பிரியும் இடத்தில் அத்தை, அந்தப் பக்கம் திருப்பு என்றார்கள். திருப்பினேன். ஆட்கள் வெளியே வரும் கதவுக்கு எதிரே தே தாரிக் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நீங்கள் இருக்கும் பக்கமிருந்து கூச்சிங் விமானம் வந்தது. பெட்டியைத் தள்ளிக்கொண்டு யார் யாரோ வந்தார்கள். அத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்கள். நானும்தான். கடைசி ஆள் போனதும், பசிக்குது, வீட்டுக்குப் போகலாமா என்றார்கள்.

ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். சம்பளம் நல்லதுதான், தெரியும். ஆனால் சரி என்று என்னைப் போனில் சொல்ல வைக்காதீர்கள், அத்தான். ஒரு தடவை வந்து, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, அப்புறம் கேளுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். மாரியம்மன் துணை இருப்பாள்.

உங்கள்
குமுதவல்லி