கடை இல்லை, சலூன்

இன்று காலை சவரம் செய்து முடித்துப் படிகாரக் கட்டியைக் கன்னத்தில் தேய்த்தேன். சோப்பு வாசனை மேல் அந்தச் சுருக்கென்ற எரிச்சல் ஏறியதும் நீ என் முதுகுப் பக்கம் நிற்பதுபோல் இருந்தது. ‘தலைய ஆட்டாத வாத்யாரே, அப்பறம் காதுக்கு நான் பொறுப்பு இல்ல’ என்று சொல்லப் போகிறாய் என்று கொஞ்ச நேரம் அசையாமலே உட்கார்ந்திருந்தேன்.

நீ போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. உன்னிடம் சொல்ல ஒரு நல்ல செய்தி வைத்திருக்கிறேன். எனக்கு எழுதப் படிக்க வந்துவிட்டது. ஆமாம், எனக்குத்தான். ஓர் எழுத்தும் தெரியாத என்னைத் தெருவெல்லாம் கேட்க ‘வாத்யாரே’ என்று கூப்பிட்டுச் சிரிப்பாயே, அந்த எனக்கு. மந்தைவெளியில் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு வைக்கிறார்கள். காய்கறி வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் போய் உட்காருகிறேன். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சு, முழங்கால் இடிக்கிறது. ‘லை’ எழுதும்போது யானைபோல் தும்பிக்கை தூக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். கஷ்டப்பட்டுத் தூக்கினேன். கை பழகிய நேரத்தில், அரசாங்கம் தும்பிக்கையை எடுத்துவிட்டது, இனிமேல் புது மாதிரி என்றார்கள். பரவாயில்லை, எனக்கு இரண்டும் தெரியும். பஸ் போர்டு படிக்கிறேன். சுவரில் ஒட்டியதைப் படிக்கிறேன். மிளகாய் மடிக்கிற பழைய பேப்பரைப் படித்து முடித்துவிட்டுத்தான் மடிக்கிறேன். வாங்க வந்தவர்கள் திட்டுகிறார்கள்.

யாருக்காவது ஒரு கடிதம் எழுதி வரச் சொன்னார்கள். மற்றவர்கள் மகனுக்கும் தம்பிக்கும் எழுதுகிறார்கள். நான் உனக்கு எழுதுகிறேன். உனக்கும் கையெழுத்துக்கு மேல் எழுத்து தெரியாது. என் பிழையை நீ கண்டுபிடிக்க மாட்டாய் என்ற தைரியம்தான்.

சந்தோஷமான பகுதி இதோடு முடிந்தது. இனி எழுதப் போவது கசப்பு.

கச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் நம் தெருவில், வக்கீல் பங்களாவின் கார் ஷெட்டில் உன் சலூன் இருந்தது. வக்கீல் இறந்து, காரையும் விற்று, ஷெட் சும்மா கிடந்தபோது அந்த வீட்டு அம்மாள் அதை உனக்கு விட்டார். ஒரு மர நாற்காலி, ஆள் உயரக் கண்ணாடி, ஒரு பெஞ்சு, ஒரு ரேடியோ. மத்தியான வெயிலுக்கு நான் வண்டியை மாமரத்தடியில் நிறுத்திவிட்டு அந்தப் பெஞ்சில்தான் சாய்ந்து கிடப்பேன். உன் இடத்தை யாராவது கடை என்று சொல்லிவிட்டால் உனக்குப் பொறுக்காது.

‘கடைன்னா சாமான் விக்கிற எடம். நான் இன்னா உருளக்கெழங்கா விக்கறேன்? அதோ வாத்யார் தள்ளிக்கினு வர்றான் பாரு, அது வேணா கடை. இது சலூன்.’

‘என்னுது வண்டிடா’ என்பேன் நான்.

எதிர்ச்சாரியில் தையல் மிஷின் போட்டிருந்த பாய் அங்கிருந்தே குரல் கொடுப்பார்: ‘கடைக்காரங்க ரெண்டு பேரும் சண்ட போடாதீங்கப்பா.’

அம்மாளும் போனபின் பிள்ளைகள் பங்களாவை விற்றுவிட்டார்கள். இடித்துவிட்டு நான்கு மாடியில் ஃபிளாட் கட்டப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. அதுவரை நம் தெருவில் அந்த மாமரத்தைவிட உயரமாக எதுவும் இல்லை. அன்றிலிருந்து உன் சலூனில் வேறு பேச்சே இல்லை. முகத்தில் சோப்பு நுரையோடு பேசினார்கள், துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு பேசினார்கள், வெட்டி முடித்த பிறகும் எழுந்து போகாமல் பேசினார்கள்.

எல்லாருக்கும் மேலே கேட்டது ரிட்டயர்டு சாரின் குரல். கோட்டையில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். ‘நாலு மாடி எழுப்பிட்டா எங்காத்து மொட்டை மாடிலேர்ந்து கோபுரம் தெரியுமோ? கார்த்தால கோபுரத்தைப் பார்த்துண்டே காபி குடிக்கற தெருப்பா இது’ என்றார்.

‘தீப்பெட்டிய அடுக்குன மாதிரி கட்றானுங்க சார்’ என்றார் பாய். ‘ஜன்னலுக்கு மேல ஒரு பட்டை வெச்சா டிசைனுன்றான்.’

‘சார், மேல கீறவன் குளிச்ச தண்ணி கீழ கீறவன் தலைல ஊத்தாதா?’ என்று நீ கேட்டாய்.

‘அதுக்குக் குழாய் வச்சிருப்பான்ப்பா.’

‘குழா ஒடஞ்சிச்சின்னா?’

பெஞ்சே சிரித்தது. நீயும் எல்லாரோடும் சேர்ந்து அந்தக் கட்டடத்தைக் கிண்டல் செய்தாய். ஆனால் உள்ளுக்குள் அது உனக்குப் பிடித்திருந்தது என்பது எனக்குத் தெரியும். ஒரு நாள் நாம் இருவரும் மவுண்ட் ரோடு போய்ப் பதினாலு மாடிக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தோம். நான் கழுத்து வலிக்கிறது என்று குனிந்துவிட்டேன். நீ குனியவில்லை. ‘எவ்ளோ தல உள்ள கீது பாரு வாத்யாரே’ என்றாய்.

நம் தெருக் கட்டடத்திலும் உனக்கு ஓர் இடம் வருவதாக இருந்தது. கட்டடக்காரரின் மானேஜர் வந்து, கீழ்த்தளத்தில் தெருவைப் பார்த்து வரிசையாகக் கடைகள் வைக்கிறோம், அதில் ஒன்று உனக்கு, அதுவரை பொறுத்துக்கொள் என்று வாக்குக் கொடுத்திருந்தார். நீ அதை என்னிடம் தினமும் சொன்னாய். ‘உள்ளியே குழா. பீங்கான் பேசின். சுத்துற சேர். செவுரு முழுக்கக் கண்ணாடி, குந்தினா முதுவு கூடத் தெரியும்.’ சொல்லும்போது உன் கை தானாக அந்த இல்லாத நாற்காலியைச் சுற்றிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிட்டயர்டு சார் மனு எழுதிக்கொண்டு வந்தார். உன் சலூனில்தான் எல்லாரும் கூடியிருந்தோம். அவர் உரக்கப் படித்தார். ‘பொதுமக்களாகிய நாங்கள்’ என்று தொடங்கியது. உயரத்தைக் குறைக்க வேண்டும், தெருவிலிருந்து தள்ளிக் கட்ட வேண்டும், மரத்தை வெட்டக் கூடாது, கீழே கடைகள் வைக்கக் கூடாது. கடை வந்தால் கூட்டம் வரும், தெருவின் அழகு கெடும். ஒரு வரியையும் அவர் மறைக்கவில்லை. இதை அவருக்கு நியாயமாக எழுத வேண்டும்.

பாய் உன்னைப் பார்த்தார். ‘உஸ்தாத், கடை வேணான்னு எழுதிக்கீறாங்க. நல்லாக் கேட்டுக்கினியா?’

‘கேட்டேன் பாய். கரெக்டுதான். பக்கத்துல சோடாக்கடை வந்தா ஈ மொய்க்கும். சைக்கிள் கடை வந்தா நாள் பூரா டொக்கு டொக்கு. நமக்கு இன்னா, நம்மளுது கடையா? சலூன்.’

அப்படிச் சொல்லிவிட்டு நீ கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாய். உன் பெயரை நிதானமாக, சுழித்து, போர்டு எழுதுகிறவன்போல் எழுதினாய். நானும் கட்டை விரலை நீட்டினேன். ரிட்டயர்டு சார் காகிதத்தை மெதுவாக இழுத்துக்கொண்டார். ‘கைநாட்டு வேண்டாம்ப்பா. மனுவில அது நன்னா இருக்காது. பாமர ஜனங்களைச் சேர்த்துண்டு கலாட்டா பண்றான்னு நெனச்சுப்பா.’

அன்று நீ பொதுமக்களில் ஒருவன் ஆனாய். நான் ஆகவில்லை. அதற்காக என்னை ஒரு வாரம் கிண்டல் செய்தாய். ‘இன்னா நைனா, பப்ளிக் பேசிக்கினு கீறோம், நடுவுல வர்றே’ என்பாய்.

மனு கட்டடக்காரருக்குப் போனது. பதில் வந்த அன்று ரிட்டயர்டு சார் உன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கன்னம் முடிந்திருந்தது, ஒரு கன்னத்தில் நுரை. ‘ஜெயிச்சுட்டோம்ப்பா’ என்றார். ‘உயரத்தைக் குறைக்க மாட்டானாம். மரம் வழில இருக்காம், வெட்டித்தான் ஆகணுமாம். ஆனா கடை கெடையவே கெடையாது, பொதுமக்கள் கருத்துக்கு மதிப்புக் குடுக்கறோம்னு எழுதியே குடுத்துட்டான்.’

நீ கத்தியைத் தோல் வாரில் தீட்டிக்கொண்டிருந்தாய். ‘சலூன் இருக்குமில்ல சார்?’ என்று கேட்டாய்.

‘சலூன்னா என்ன, அதுவும் கடைதானேப்பா.’

கத்தி வாரில் நின்றுவிட்டது. நீ அவருடைய இன்னொரு கன்னத்துக்கு வந்தாய். ஒரு கீறல் இல்லாமல் வழித்தாய். படிகாரம் தேய்த்தாய். துண்டை உதறினாய். எப்போதும் ‘பாத்துக்கோங்க சார்’ என்று சின்னக் கண்ணாடியைப் பின்னால் பிடிப்பாயே, அதை மட்டும் அன்று செய்யவில்லை.

மறுநாள் நானும் உன்னோடு மானேஜரிடம் வந்தேன். ‘சார், சலூன் கடை இல்ல சார்’ என்று நீ தொடங்கினாய். அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். ‘நான் இன்னாப்பா பண்ணட்டும்? நான் குடுக்கறேன்னுதான் சொன்னேன். பப்ளிக் வேணான்னுட்டாங்க. அதுல உன் கையெழுத்தும் இருக்குதே’ என்றார். கீழ்த்தளம் முழுவதும் கார் நிறுத்தப் போகிறார்களாம். ஃபிளாட் வாங்குகிறவர்களுக்கு அதுதான் பிடிக்கிறதாம். அவருக்கும் இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ரிட்டயர்டு சாரும் உனக்காக ஒரு முறை போய்ப் பேசினார். காபி கொடுத்து அனுப்பினார்களாம்.

கார் இல்லாததால் உனக்குக் கிடைத்தது அந்த ஷெட். கார் வருவதால் போயிற்று.

இடிக்க வந்த அன்று நீயும் நானும் அந்தக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தோம். அதில் ஒவ்வொரு வீடாகத் தெரிந்து தெரிந்து போயிற்று. மனுவில் பெயர் போட்டவர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. ‘எங்கே போறே?’ என்று அக்கறையாகக் கேட்டார்கள்.

மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்தில் இன்னொருவரின் சலூனில் நீ ஆளாக வேலைக்குச் சேர்ந்தாய். ரயிலிலிருந்து இறங்குகிற கூட்டம். பேச்சே கிடையாது, அடுத்தது அடுத்தது என்று தலைகள். உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம் நீ குனிந்தே இருந்தாய். கண்ணாடி உன் வீட்டின் தாழ்ந்த கூரைக்குக் கீழே நிமிர்ந்து நிற்க முடியாமல் சுவரைப் பார்த்துச் சாய்ந்து கிடந்தது. பிறகு நெஞ்சுச் சளி பிடித்தது, நீ எழுந்திருக்கவில்லை. கடைசியாக வந்தபோது நீ என்னிடம் கட்டடத்தைப் பற்றியோ, சாரைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. ‘அன்னிக்கி நான் போட்ட கையெழுத்து அழகா இருந்திச்சில்ல வாத்யாரே’ என்று கேட்டாய். இருந்தது என்றேன். உண்மையாகவே இருந்தது.

இப்போது அந்தக் கட்டடம் எப்படி இருக்கிறது என்று உனக்குச் சொல்ல வேண்டும். வெளிச்சுவரில் மழைக் கறை கறுப்பாக வழிந்திருக்கிறது. தீப்பெட்டி என்று இப்போது யாரும் சொல்வதில்லை. தெருவுக்கு வழி கேட்டால் ‘ஃபிளாட்டுக்கு எதிர்ல’, ‘ஃபிளாட்டைத் தாண்டி’ என்று அதைத்தான் அடையாளம் சொல்கிறார்கள். ரிட்டயர்டு சார் தன் வீட்டை விற்றுவிட்டு அதிலேயே மூன்றாம் மாடிக்குப் போய்விட்டார். ‘என்ன காத்து, என்ன வெளிச்சம். அங்கேர்ந்து பார்த்தா கோபுரம் முழுசாத் தெரியறது’ என்கிறார். பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவார், நான் கீரை வைப்பேன், மேலே இழுத்துக்கொள்வார்.

போன வாரம் கூடை இறங்கியபோது அதில் ஒரு காகிதமும் பேனாவும் இருந்தன.

‘நீ எழுதக் கத்துண்டுட்டியாமே, ரொம்ப சந்தோஷம்ப்பா’ என்று மேலிருந்து சொன்னார். ‘அதைப் படிச்சுட்டு ஒரு கையெழுத்துப் போடு.’

வெயிலில் நின்றுகொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். நேரம் ஆயிற்று. ‘பொதுமக்களாகிய நாங்கள்’ என்றுதான் இதுவும் தொடங்கியது. முடிவெட்டிக்கொள்ள லஸ் வரை நடக்க வேண்டியிருக்கிறது, வயதானவர்களுக்குச் சிரமம், இங்கேயே ஒருவருக்கு அனுமதி கொடுக்க வேண்டும் என்று இருந்தது.

‘முட்டி வலிப்பா, நடக்க முடியல. ஒரு சலூன் வந்தா எல்லாருக்கும் சௌகரியம்’ என்றார். இப்போது அவர் வாயிலும் அது சலூன்தான்.

‘எங்க சார் வைப்பாங்க? கீழ கார் நிக்கிற எடத்துலயா?’

‘சேச்சே, அங்கே எப்படி? கேட்டுக்கு வெளில சுவரோரமா ஒரு பொட்டி போட்டுண்டா போறுமே.’

பேனா கையில் இருந்தது. எவனோ ஒருவனுக்குப் பிழைப்பு கிடைக்கும் என்றும் நினைத்தேன். நீ இருந்தால் ‘போடு வாத்யாரே, பொழச்சிக்கட்டும்’ என்றுகூடச் சொல்லியிருப்பாய். அதனால் கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு அண்ணாந்து, ‘உள்ள வைக்கணும்னு எழுதுங்க சார், போடறேன்’ என்றேன்.

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். ‘அதெல்லாம் இங்க இருக்கறவா ஒத்துக்க மாட்டாப்பா’ என்றார்.

காகிதத்தை மடித்துக் கூடையில் வைத்தேன். பேனாவை வைத்தேன். மேலே முருங்கைக் கீரையை வைத்தேன். கூடை ஆடிக்கொண்டே மேலே போயிற்று.

நான் ஒருவன் போடாததால் அந்த மனு நின்றுவிடாது. சுவரோரம் பெட்டி வரும். வந்தால் அவனிடம்தான் நான் தலையைக் கொடுப்பேன். அவன்மேல் எனக்கு என்ன கோபம். ஆனால் இந்தத் தெருவில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறபோதெல்லாம் ஒன்று என்னோடு வருகிறது. எழுதத் தெரிந்தும் அந்தக் காகிதத்தில் எழுதாமல் விட்ட என் பெயர்.