‘மா’ என்றால் ‘வா’

ஜூன் 18

விடிவதற்குள் ஊர்த்தலைவர் ஒலிபெருக்கியில் ஆரம்பித்துவிட்டார். ஒரு சொல்கூடப் புரியவில்லை. தாம்பரத்து ஆடி மாத மைக்செட்டுக்குப் பழகிய காது என்பதால் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டேன்.

தாய்லாந்துக்கு வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. சுற்றிலும் வயல், நடுவில் பள்ளிக்கூடம். இரண்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். தன்னார்வலர் என்று பெயர். சம்பளம் கிடையாது, சோறும் படுக்கையும் உண்டு. தங்கியிருப்பது பீ லேக் வீட்டில். ‘பீ’ என்றால் இங்கே அக்கா. (வீட்டுக்காரர் குமரவேலிடம் இதைச் சொன்னதும் ஐந்து நிமிடம் சிரித்தார்.) அவரும் அதே பள்ளியில் ஆசிரியை, ஆங்கிலம் ஓரளவு பேசுவார். ராத்திரிச் சாப்பாட்டில் ஊறவைத்த மீன். கருவாட்டுக்கே மூக்கைப் பொத்துகிற ஆள் நான்.

“நவம்பர் வரைக்கும்தானே கீதா, ஜாலியா இரு. இங்க நான் மேனேஜ் பண்ணிக்கறேன்” என்றார் குமரவேல் போனில். ஆபீஸ் முடிந்து மேடவாக்கம் சிக்னலில் நின்றுகொண்டிருந்தார், ஹாரன் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. ஜாலியாக இருக்கவா வந்தேன்? மூன்றாவதும் வயிற்றில் தங்கவில்லை. சேலையூர் வீட்டில் யார் வந்தாலும் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்கள். மூச்சு முட்டியது, வந்துவிட்டேன்.

ஜூன் 25

பீ லேக்கின் தங்கை மகள் இந்த வீட்டில்தான் வளர்கிறாள். ஏழு வயது, என் வகுப்பு. அம்மா பாங்காக்கில் துணி தைக்கும் ஆலையில் வேலை செய்கிறாள். அப்பாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெயர் ஃபொன். மழை என்று அர்த்தமாம். என் வாயில் அது ‘பொன்’ ஆகிவிட்டது. இரண்டு முறை திருத்திப் பார்த்தாள், மூன்றாம் முறை போனால் போகிறது என்று விட்டுவிட்டாள்.

ஜூலை 3

இன்று மானம் போயிற்று.

“உட்காரும்மா”, “எழுதும்மா”, “என்னம்மா” — எனக்கு ‘மா’ போடாமல் வாக்கியம் முடியாது. எதிரே நிற்பது ஆங்கிலமும் தெரியாத, தமிழும் தெரியாத பிள்ளை என்றாலும் அது பாட்டுக்கு வந்துவிடும். வகுப்பு தினமும் சிரிக்கும், நானும் கூடச் சிரிப்பேன். இன்றுதான் பீ லேக் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இவர்கள் மொழியில் ‘மா’ என்றால் ‘வா’. குரலைக் கொஞ்சம் மேலே இழுத்தால் ‘நாய்’. பாதிப் பிள்ளைகளை வா என்கிறீர்கள், பாதிப் பிள்ளைகளை நாய் என்கிறீர்கள் என்றார்.

சிரிக்காத ஒரே ஆள் பொன். நான் “பொன்னும்மா” என்று சொல்லும்போதெல்லாம் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவந்து பக்கத்தில் நிற்பாள். பாசம் என்று நினைத்திருந்தேன். வா என்றேன், வந்தாள். அவளை இந்த ஊரில் அத்தனை முறை வேறு யார் கூப்பிட்டிருப்பார்கள்?

ஜூலை 4

‘மா’ போடாமல் பேசிப் பார்த்தேன். மதியம் வரை தாங்கியது.

ஆகஸ்ட் 11

நாளை இங்கே அன்னையர் தினம். பள்ளியில் இன்றே கொண்டாடிவிட்டார்கள். அம்மாக்களை நாற்காலியில் வரிசையாக உட்காரவைத்து, பிள்ளைகள் மண்டியிட்டு, காலில் விழுந்து, மல்லிகைச் சரம் கொடுக்க வேண்டும். பொன்னின் அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. பீ லேக்தான் உட்காருவதாக இருந்தது. மைக் அவர் கையில் மாட்டிக்கொண்டது. பொன் நேராக வந்து என் விரலைப் பிடித்து இழுத்துப்போய் உட்காரவைத்தாள்.

காலில் விழுந்தாள். சரத்தைக் கொடுத்தாள். நான் பாட்டுக்கு அதைத் தலையில் வைத்துக்கொண்டேன். கூட்டம் மொத்தமும் திகைத்துப் பார்த்தது. இங்கே அதைக் கையில்தான் வைத்திருப்பார்களாம், யாரும் தலையில் வைப்பதில்லை. பொன் மட்டும் எம்பி, நழுவிய நுனியைச் சரியாகச் செருகிவிட்டாள்.

பாத்ரூமில் போய்க் கதறி அழுதேன். சந்தோஷமா துக்கமா? எழவு, ரெண்டும்தான்.

செப்டம்பர் 7

கேட்டே விட்டேன். “அவளை நம்மகூட கூட்டிட்டு வந்துட்டா என்னங்க?”

குமரவேல் டிவியை அணைப்பது போனில் கேட்டது. பிறகு, “அந்தக் கொழந்தைக்கு அம்மா இருக்காங்க கீதா. ரெண்டு வேளை சாப்ட்டு, மிச்சம் புடிச்சு பணம் அனுப்பறாங்கன்னு நீதானே சொன்னே?”

நான்தான் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அக்டோபர் 16

பொன்னுக்கு ஜுரம். என் மடியில் தலை வைத்தே தூங்கினாள். கால் மரத்துப்போயிற்று, எடுக்க மனம் வரவில்லை.

நவம்பர் 20

நாளை கிளம்புகிறேன். விசா முடிகிறது. பீ லேக் பொன்னிடம் விளக்கமாகச் சொல்லிவிட்டாராம். தலையாட்டினாளாம். எனக்குத்தான் யாரும் விளக்கமாகச் சொல்லவில்லை.

நவம்பர் 21, விமான நிலையம்

எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

வாசலில் வண்டி நின்றது. பொன்னைக் கட்டிக்கொண்டேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, “போய்ட்டு வரேம்மா” என்றேன். வேறு எப்படிச் சொல்வேன்? ‘போறேன்’ என்று சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வராது.

அவள் உள்ளே ஓடினாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். டிரைவர் வண்டியைத் திருப்பும்போது வெளியே வந்தாள். செருப்புப் போட்டிருந்தாள். முதுகில் பள்ளிக்கூடப் பை. ஜிப் மூடாமல் சட்டை ஒன்று வெளியே தொங்கியது. கையில் பல் துலக்கும் பிரஷ். வண்டியில் ஏறக் காலைத் தூக்கினாள்.

பீ லேக் தடுத்தார். பொன் என்னைக் கையால் காட்டி ஏதோ சொன்னாள். கடைசிச் சொல் மட்டும் புரிந்தது — மா.

நான்தானே சொன்னேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானே சொன்னால்தான் கேட்பாள். இறங்கி, அவள் முகத்துக்கு நேரே குனிந்து சொன்னேன்: “யா மா.” வராதே. இத்தனை மாதத்தில் இவர்கள் மொழியில் நான் பிழையில்லாமல் சொன்ன ஒரே வாக்கியம்.

அவள் அழவில்லை. பையைக் கழற்றிக் காலடியில் வைத்தாள். வண்டி கிளம்பியது. பாவி நான், திரும்பிப் பார்த்தேன், அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

டிசம்பர் 2, சேலையூர்

விடாமல் மழை. முடிச்சூர் பக்கம் முழங்கால் அளவு தண்ணீராம். குமரவேல் லீவு போட்டுவிட்டுத் தோசை சுட்டுக் கொடுத்தார். “ஒரு வாயாவது சாப்டு கீதா, ப்ளீஸ்.” சாப்பிட்டேன். அந்த மனுஷனும் என்னதான் செய்வார்?

டிசம்பர் 14

ஞாயிறு. பீ லேக் வீடியோவில் வந்தார். பின்னால் பொன் தரையில் கவிழ்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். முடியை வெட்டியிருந்தார்கள். அவர் போனை அவள் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

“பொன்னும்மா” என்றேன். நிமிரவில்லை. காது கேட்கவில்லையோ என்று சத்தமாகக் கூப்பிட்டேன். பிறகு, ராத்திரியெல்லாம் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தபடி, மெதுவாக, சரியான உச்சரிப்பில், “ஃபொன், மா” என்றேன்.

கிரேயான்களை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டு மூடி, எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வெட்கம் என்றார் பீ லேக். புத்தாண்டுக்கு அவள் அம்மா பத்து நாள் வருகிறாளாம். ரொம்ப நல்லது என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

குமரவேல் காபியோடு வந்தார். “இன்னா, அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா? நெட் கட்டாயிடுச்சா?”

ஆமாம் என்றேன்.